மேக்கினா பாலத்துல ட்ரெயிலர் இழுத்துட்டு போனவங்க இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, நானும் வீட்டுக்காரரும் வீட்ட காலி பண்ணிட்டு முழுநேரமா ஆர்விலதான் (வீடு மாதிரி தங்குற வசதியோட இருக்குற ட்ரெயிலர்) இருக்கோம், இந்த வாரம் இண்டியானால எல்கார்ட் ஆர்வி மியூசியம் பாத்துட்டு (பழைய ட்ரெயிலருங்கள விட்டு இவரு நகரவே இல்ல, அவ்ளோ அழகு) டியூன்ஸ்ங்கற மணல்மேடுங்க இருக்குற மிச்சிகன் ஏரிக்கரைல தங்கிட்டு இப்ப மிச்சிகன்ல வடக்க ஏறிட்டிருக்கோம். அடுத்து மேக்கினா பாலம் தாண்டி அப்பர் பெனின்சுலா (மிச்சிகனோட வடக்கு பகுதி) போகணும், நெனச்சாலே வயித்த கலக்குது. 5 மைல் நீளம், உள்பக்க லேன் இரும்பு கம்பி வலை, கீழ தண்ணி தெரியும், காத்து ஜாஸ்தியானா உயரமான வண்டிங்கள 20 மைல் வேகத்துல எஸ்கார்ட் வண்டி கூட வந்தாதான் விடுறாங்க. எங்க ட்ரெயிலர் லேசான காத்துக்கே ஆடும். ஓரத்து லேன்லயே போனா ஆட்டம் கம்மியா இருக்குமா? விடிகாலைல கெளம்பினா காத்து கொறவா இருக்குமா? அந்தப்பக்கம் செயின்ட் இக்னஸ்ல கரண்ட், தண்ணி ஹூக்கப்போட (வண்டிக்கு கனெக்ஷன்) நல்ல கேம்ப்கிரவுண்ட் தெரிஞ்சாலும் சொல்லுங்க ப்ளீஸ், நாளன்னிக்கு தாண்டணும்.