வாடகை இ-பைக்: மலைப்பாதைக்கு ஹப் மோட்டாரா, மிட் டிரைவா?

புதுப்பயணி:
வணக்கம். அடுத்த வாரம் நானும் மனைவியும் இ-பைக் வாடகைக்கு எடுத்து ஒரு மலைப்பாதையில போறோம். போக 18 கிலோமீட்டர், மொத்த ஏத்தம் 600 மீட்டர். அதுல பெரும்பகுதி கடைசி 7 கிலோமீட்டர்லதான். போன தடவை இதே மாதிரி பாதையில என் வண்டி பாதி மேட்டுல நின்னுபோச்சு. பேட்டரியில பாதிக்கு மேல சார்ஜ் இருந்துச்சு, ஆனா மோட்டார் இழுக்கல. பின்சக்கரத்து நடுவுல கை வெச்சா சுட்டுது. இருபது நிமிஷம் ஓரமா நிறுத்தி ஆறவிட்ட பிறகுதான் மறுபடி ஓடுச்சு.

இப்போ கடையில ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பின்சக்கரத்து நடுவுலயே மோட்டார் வெச்ச 500 வாட் ஹப் மோட்டார், இன்னொண்ணு பெடல்கிட்ட மோட்டார் வெச்ச 250 வாட் மிட் டிரைவ். வாட் குறைஞ்சதுக்குத்தான் வாடகை அதிகம், ஏன்னு புரியல. மனைவிக்கு முட்டிவலி உண்டு, அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.

பல்சக்கரம்:
உங்க வண்டி நின்னதுக்குக் காரணம் சூடு. ஹப் மோட்டாரோட வேகம் சக்கரத்தோட வேகத்துக்குக் கட்டுப்பட்டது. மேட்டுல வண்டி 7, 8 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிட்டா மோட்டாரும் மெதுவாத்தான் சுத்தும். உள்ள போற மின்சாரம் குறையாது, ஆனா அதுல பெரும்பங்கு சூடாத்தான் போகும். நீங்க கியரைக் குறைச்சா உங்க காலுக்கு சுலபம், மோட்டாருக்கு எந்த உதவியும் இல்ல. சூடு அளவு மீறினா மோட்டார் கருகாம இருக்க, அதுக்குப் போற மின்சாரத்தைக் கட்டுப்படுத்தற கண்ட்ரோலரே நிறுத்திடும்.

மிட் டிரைவ் பெடல் அச்சுல உக்காந்திருக்கும். அதோட விசை செயின் வழியா, கியர் வழியாத்தான் பின்சக்கரத்துக்குப் போகுது. பின்னாடி பெரிய பல்சக்கரத்துக்கு மாத்துங்க, வண்டி மெதுவா ஏறினாலும் மோட்டார் தனக்கு ஏத்த வேகத்துலயே ஓடும். அதனாலதான் 250 வாட் அங்க ஜெயிக்குது. அந்த 250-ங்கறதும் தொடர்ந்து தாங்கற அளவுதான், மேட்டுல கொஞ்ச நேரத்துக்கு அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேலயும் கொடுக்கும். கடையில வாட் கேக்காதீங்க, மோட்டாரோட சுழற்றும் விசை, அதாவது நியூட்டன் மீட்டர், எவ்வளவுன்னு கேளுங்க. மிட் டிரைவ்ல 60-க்கு மேல இருந்தா உங்க பாதைக்குத் தாராளம்.

காத்துவாக்கு:
முட்டிவலிக்கு மோட்டாரைவிட, நீங்க மிதிக்கறதை மோட்டாருக்குத் தெரிவிக்கற சென்சார் முக்கியம்னு நான் சொல்வேன். கேடன்ஸ் சென்சார், பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும்தான் பாக்கும். அரைச் சுத்து சுத்தின பிறகு திடீர்னு தள்ளும். சமதளத்துல முட்டிக்கு சுகம். ஆனா மேட்டுல நின்னு கிளம்பும்போது அந்த முதல் மிதி முழுசும் முட்டிலதான் விழும். டார்க் சென்சார் நீங்க மிதிக்கற அழுத்தத்தை அளந்து, அதுக்கேத்த மாதிரி கூட்டிக் கொடுக்கும். என் அம்மாவுக்கும் முட்டி தேய்மானம்தான். டார்க் சென்சார் வண்டியில உதவி அளவைக் கூட்டி வெச்சு, லேசான கியர்ல வேகமா மிதிக்கச் சொன்னேன். வலியில்லாம ஏறினாங்க.

பல்சக்கரம்:
இதை ஒத்துக்கறேன். நல்ல மிட் டிரைவ் பெரும்பாலும் டார்க் சென்சாரோடதான் வரும், ஆனாலும் கேட்டுக்கோங்க.

தேங்காநார்:
ஹப் மோட்டாரை மட்டம் தட்டிட வேண்டாம். சமதளத்துல அது போதும், செயினும் சீக்கிரம் தேயாது. ஆனா அதுலயே ரெண்டு ஜாதி. உள்ள பல்சக்கரம் வெச்சது சின்னதா, எடை குறைவா இருக்கும். பல்சக்கரமே இல்லாத டைரக்ட் டிரைவ் தட்டு மாதிரி அகலமா இருக்கும், சத்தமே வராது, ஆனா சார்ஜ் தீந்தா மிதிக்கறது பெரும்பாடு. பின்சக்கரத்தைத் தூக்கி முன்பக்கமா கையால சுத்திப் பாருங்க. லேசா ஓடினா முதல் வகை, விட்டு விட்டு இழுத்துப் பிடிச்சா டைரக்ட் டிரைவ். மேட்டுக்கு ஹப்தான் கிடைக்குதுன்னா முதல் வகையை எடுங்க.

பஞ்சரையும் யோசிங்க. ஹப் மோட்டார் சக்கரத்தைக் கழட்ட வயரையும் கழட்டணும், ஸ்பேனரும் வேணும். வாடகைப் பையில ஸ்பேனர் இருக்கான்னு பாத்துட்டுக் கிளம்புங்க.

புதுப்பயணி:
எல்லாருக்கும் நன்றி. இன்னிக்குப் போய் ரெண்டையும் ஓட்டிப் பாத்தோம். கடைக்குப் பக்கத்துல இருந்த சின்ன மேட்டுல மனைவியை நிறுத்திக் கிளம்பச் சொன்னேன். ஹப் வண்டியில முதல் மிதிக்கே முகம் சுளிச்சாங்க, மிட் டிரைவ்ல அப்படியே ஏறிட்டாங்க. ரெண்டு மிட் டிரைவ் சொல்லி வெச்சாச்சு. பேட்டரி 36 வோல்ட், 14 ஆம்பியர் ஹவர். போதுமா? அப்புறம், மேட்டுல கியர் மாத்தும்போது செயின் படக்குனு அடிச்சுது, அது சரியா?

பல்சக்கரம்:
36-ஐ 14-ஆல பெருக்கினா 504 வாட் ஹவர். ஆளும் வண்டியும் சேந்து 100 கிலோன்னா, 600 மீட்டர் தூக்க மட்டும் சுமார் 165 வாட் ஹவர் வேணும். மோட்டார்ல வீணாகறது, தரையோட உராய்வு, எதிர்காத்து எல்லாம் சேத்தாலும் மிச்சம் இருக்கும், அதுவும் நீங்களும் மிதிக்கறீங்க. திரும்பறது இறக்கம்.

செயின் அடிச்சது, முழு விசையில மாத்தினதால. உங்க காலோட மோட்டாரும் சேந்து அந்த ஒரு செயினைத்தான் இழுக்குது. மேடு தொடங்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடுங்க. நடுவுல மாத்தணும்னா அரை விநாடி மிதியைத் தளர்த்துங்க, மோட்டாரும் தளரும், அப்போ மாத்துங்க. நிக்கறதுக்கு முன்னாடியும் லேசான கியருக்கு வந்துடணும். மனைவிக்கும் சமதளத்துல பத்துத் தடவை பழகிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க.