எம்டிடியில் 120 சதவீதம், டிரிப்பான் புளூவில் பாதி சாவு: எதை நம்புவது?

கேள்வி:
ஹெலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) நெல்லிக்காய்ச் சாற்றைச் சோதிக்கிறேன். 96 குழித் தட்டு, 24 மணி நேரம். சாறு அதிகம் விட்ட குழிகளில் எம்டிடி (உயிருள்ள செல்களை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை), சாறு விடாத குழிகளோடு ஒப்பிட்டால் 120 சதவீதம் உயிர் காட்டுகிறது. மைக்ரோஸ்கோப்பிலோ செல்கள் உருண்டு மிதக்கின்றன. செத்த செல்களை நீலமாக்கும் சாயமான டிரிப்பான் புளூ போட்டால் பாதி நீலம். மூன்று முறையும் இதேதான். எங்கே தப்பு?

பதில் 1:
தப்பு உங்கள் கையில் இல்லை, சாற்றில். மஞ்சள் எம்டிடியை உயிருள்ள செல்லின் நொதிகள் ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) ஊதா ஃபார்மசான் ஆக்கும். சாற்றில் இருக்கும் வைட்டமின் சி, குவெர்செடின் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் செல்லே இல்லாமல் அந்த வேலையைச் செய்துவிடும். ஆய்வின் முதல் வருடம் நானும் இதில் இரண்டு மாதம் இழந்தேன். செல் போடாத குழியில் ஊடகம் (செல் வளர்க்கும் திரவம்), சாறு, எம்டிடி மட்டும் விட்டுப் பாருங்கள். ஊதா வந்தால் விஷயம் அதுதான். அப்புறம், எம்டிடி விடும் முன் சாற்றை எடுத்துவிட்டு பிபிஎஸ்ஸில் (செல்லைப் பாதிக்காத உப்புக் கரைசல்) மெதுவாகக் கழுவுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: மிதக்கும் செல்களைக் கொட்டிவிடாதீர்கள். அதையும் சேர்த்து மையவிலக்கியில் சுழற்றி எண்ணுங்கள்; இல்லையென்றால் செத்தவை கணக்கிலேயே வராது. டிரிப்பான் புளூ கலந்து 5 நிமிடத்துக்குள் எண்ணி முடியுங்கள். நேரம் போனால் உயிருள்ளவையும் நீலமாகும்.

கேட்டவர்:
செய்தேன். செல் இல்லாத குழி அரை மணியிலேயே கத்தரிப்பூ நிறம்! கழுவிய தட்டில், ஊதாவை அளக்கும் 570 நானோமீட்டர் ஒளியில் 46 சதவீதம்தான் உயிர். இருவருக்கும் மிக்க நன்றி.