‘க்ளிக்’ என்று மட்டும் கேட்டால் உடனே ஸ்லைடை இழுக்கலாமா?

கேள்வி:
பிஸ்டல் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். விசையை அழுத்தி, வெடிக்காமல் ‘க்ளிக்’ என்று மட்டும் வந்தால் முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு 30 விநாடி காத்திருக்கச் சொல்கிறார் பயிற்சியாளர். வீடியோக்களில் பார்த்தால் மேகசினை (தோட்டாக்கள் இருக்கும் பெட்டியை)த் தட்டு, ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) இழு, அடுத்ததைச் சுடு என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். எது சரி? இன்னொன்று, பக்கத்து லேனில் ஒருவர் சுட்டபோது சத்தம் ‘பொத்’தென்று வந்தது, அவர் ஸ்லைடில் கை வைத்ததுமே சுடும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபிசர் கத்தி நிறுத்திவிட்டார். அப்படிப் பதற அதில் என்ன இருக்கிறது?

பதில் 1:
பயிற்சியாளர் சொன்னபடியே செய்யுங்கள். வீடியோவில் இருப்பது உயிருக்கு ஆபத்தான நேரத்துக்கான பழக்கம், அட்டையைச் சுடும் இடத்தில் அந்த அவசரம் எதற்கு? வெடிக்காத தோட்டா பெரும்பாலும் செத்த தோட்டாதான். ஆனால் அபூர்வமாகச் சிலது தாமதமாகப் பற்றும், இதைத்தான் ஹேங்ஃபயர் என்பார்கள். அந்த நேரம் பார்த்து வெளியே இழுத்துவிட்டால் சேம்பரின், அதாவது தோட்டா உட்காரும் அறையின், பிடிமானம் இல்லாமல் தோட்டாவின் கூடு கிழிந்து பித்தளைச் சில்லு கைக்கும் முகத்துக்கும் பறக்கும். காத்திருக்கும்போது ஆபிசரைக் கூப்பிட வேண்டுமென்றால் இன்னொரு கையைத் தூக்குங்கள், போதும். துப்பாக்கியோடு திரும்பிப் பார்த்துவிடாதீர்கள், புதியவர்களுக்கு உடம்பு தானாகத் திரும்பும், எனக்கு அதுதான் எப்போதும் பயம்.

பதில் 2:
அந்த ‘பொத்’ சத்தம்தான் ‘க்ளிக்’கைவிட மோசம். தோட்டாவில் வெடிமருந்து இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தால், அதைப் பற்றவைக்கும் ப்ரைமரின் அழுத்தம் மட்டும் குண்டைத் தள்ளும், அது குழலுக்குள் பாதி வழியில் நின்றுவிடும். ஸ்க்விப் என்பது இதுதான். பின்னாலேயே இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும், இல்லை வெடிக்கும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், அழுத்தம் போதாததால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, பார்ப்பவருக்குச் சாதாரண ஜாம் மாதிரியே இருக்கும், கையால் இழுத்துவிட்டால் நல்ல தோட்டா ஒன்று உள்ளே ஏறிவிடும். ஆபிசர் கத்தியது அதற்காகத்தான்.

சத்தமோ உதைப்போ குறைவாகத் தெரிந்தால், அட்டையில் புது ஓட்டை இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். இதற்கும் அதே காத்திருப்புதான். அப்புறம் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதி செய்துவிட்டு, குழலுக்குள் கிளீனிங் ராடை விட்டுப் பாருங்கள். ராடு தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும். வரவில்லையென்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், சுட்டுத் தள்ளிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பதில் 3:
ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘க்ளிக்’ வந்ததும் மறுபடி விசையை அழுத்தினால் சிலிண்டர் சுழன்று அந்தத் தோட்டா குழலுக்கு நேரே இல்லாத இடத்துக்குப் போய்விடும், அங்கே தாமதமாக வெடித்தால் குண்டு போக வழியே இல்லை. அதனால் ரிவால்வரில் காத்திருப்பு இன்னும் முக்கியம். பாயிண்ட் 22 என்ற சின்னத் தோட்டாவைச் சுடுபவர்களுக்கு ‘க்ளிக்’ அடிக்கடி வரும், அதில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்பில் இருக்கிறது, எல்லா இடத்திலும் சமமாகப் பரவாமல் போவதுண்டு. அடிக்கடி வருகிறதே என்று காத்திருப்பதை விட்டுவிடக் கூடாது. வெளியே எடுத்த தோட்டாவைக் குப்பையில் போடாமல், ரேஞ்சில் அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள்.

கேட்டவர்:
ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது என்ற விஷயம் தெரியவே தெரியாது, நன்றி. காலிக்கூடு வெளியே வராமல் ஸ்லைடில் நட்டுக்கொண்டு நின்றால்?

பதில் 2:
கண்ணுக்குத் தெரிகிற அடைப்பு அது. விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்தால் விழுந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால் முதலில் உங்கள் பிடி தளர்வாக இருக்கிறதா பாருங்கள், அப்புறம் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரில் அழுக்கு இருக்கிறதா பாருங்கள்.