கடை வாசல் மேற்கு பார்த்திருக்கிறது, வழக்குப் போடலாமா?

தேக்கா தையல்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் தேக்கா பக்கம் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் 9 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பாவாடை சட்டை, பள்ளி விழாவுக்கு நடன உடுப்பு, இதுதான் பிழைப்பு. 2024 தீபாவளி முடிந்த கையோடு கடையைப் புதுப்பிக்க ஒரு ஒப்பந்தக்காரரிடம் 16,000 வெள்ளி (டாலர்) பேசி, 11,500 கொடுத்துவிட்டேன். 2025 பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் ஏணியை எடுத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் வரவேயில்லை. பொய்க்கூரை பாதியில் நிற்கிறது. ஓவர்லாக் மெஷினுக்கு நேர் மேலே ஒரு வயர் தொங்குகிறது, அதை நான் பாவாடை நாடாவால் கட்டி வைத்திருக்கிறேன். மிச்ச வேலையை முடிக்க இன்னொருவர் 6,800 கேட்கிறார்.

இதோடு விட்டதா? வீட்டில், நடைபாதையில் வைத்த செருப்பு ஸ்டாண்டைப் பற்றி யாரோ புகார் செய்து நகர மன்றத்திலிருந்து கடிதம். துணி சப்ளையர் வேறு பழைய பில் ஒன்றைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன் என்கிறார்.

பக்கத்துக் கடைச் சீன ஆன்ட்டி, நல்ல மனுஷி, "உனக்கு குவான் ஃபெய் பிடித்திருக்கிறது" என்றார். கோர்ட்டு, போலீஸ், அரசாங்கக் கடிதம் என்று வரும் தொல்லைக்கெல்லாம் அவர்கள் வைத்திருக்கும் பேர் அது. அவரே ஒரு ஃபெங் சுயி மாஸ்டரை, அதாவது சீன வாஸ்து பார்ப்பவரை, அழைத்து வந்தார். 388 வெள்ளி. நிலைப்படியில் நின்று லோபான் என்ற திசைகாட்டியைப் பிடித்தார். நடுவில் சின்ன காந்த ஊசி, சுற்றிலும் வளையம் வளையமாகச் சீன எழுத்து. ஊசி அடங்கும் வரை மூச்சு விடாமல் நின்றார், நானும் நின்றேன்.

அவர் சொன்னது: என் வாசல் மேற்கு. 2026-இல் 3-ஆம் நட்சத்திரம் (நம்ம 27 நட்சத்திரம் இல்லை, அவர்கள் கணக்கில் ஒன்பது எண்) மேற்கில் உட்கார்ந்திருக்கிறது. அது சண்டை, வழக்கு நட்சத்திரம். மரத்தின் குணம் அதற்கு. அதனால் வாசலில் பச்சை கூடாது, தண்ணீர் கூடாது, சிவப்பு வேண்டும், வெளிச்சம் வேண்டும். மணிபிளான்டை எடுத்துவிட்டேன். ஆனால் மாவிலைத் தோரணத்தையும் கழற்றச் சொல்கிறார். அப்பா காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கட்டுவது. கை வரவில்லை.

முக்கியமான கேள்வி இது. 2027 பிப்ரவரி 4 வரை யார் மேலும் வழக்குப் போடாதே, நட்சத்திரம் இடம் மாறட்டும் என்கிறார். காத்திருக்கலாமா? நம்ம ஆட்கள் யாராவது இதைப் பார்த்துப் பலன் கண்டிருக்கிறீர்களா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

புக்கிட் பாத்தோக் பெரியவர்:

தம்பி, மாஸ்டர் ஏமாற்றவில்லை, அவர் சாஸ்திரப்படி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காக இரண்டு வருஷம் இதைப் படித்தேன். ஒன்பது கட்டம், ஒன்பது எண். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணும் வேறு கட்டத்துக்குப் போகும். 3 என்பது பச்சை மரகதம், மரம். நெருப்பு மரத்தைத் தின்னும், அதனால் சிவப்பு. தண்ணீர் மரத்தை வளர்க்கும், அதனால் ஆகாது.

ஆனால் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். 2024-இல் 3 நடு வீட்டில் இருந்தது, 2025-இல் வடமேற்கில். உங்கள் ஆள் ஓடிப்போனது 2025 பொங்கலுக்கு முன்னால், அதாவது பிப்ரவரியில் அவர்கள் கணக்குப்படி வருஷம் மாறுவதற்கும் முன்னால். அப்போது மேற்கு வாசலில் அதற்கு வேலையே இல்லை. நடு வீட்டில் இருந்தால் கடை முழுக்கப் பாதிக்கும் என்று மாஸ்டர் அதற்கும் பதில் வைத்திருப்பார், அது வேறு விஷயம்.

இன்னொன்று. 2027-இல் அது வடகிழக்குக்குப் போகிறது. நம்ம ஈசான மூலை! சாமி மாடம் அங்கேதானே இருக்கும்? அப்போது அதையும் நகர்த்துவீர்களா?

சிவப்பும் வெளிச்சமும் வேண்டுமென்றால் வாசலில் ஒரு காமாட்சி விளக்கு ஏற்றுங்கள், குங்குமம் வையுங்கள். மாவிலை இருக்கட்டும்.

வக்கீல் ஆபீஸ் கிளார்க்:

அண்ணே, நட்சத்திரத்தை விடுங்க, தேதியைப் பாருங்க. உங்களுடையது வேலை ஒப்பந்தத் தகராறு, 20,000 வெள்ளிக்குள் வருகிறது. சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிபியூனலுக்கே போகலாம். அங்கே வக்கீல் வைக்கக்கூடாது, நீங்களே பேச வேண்டும். ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். அவர் வேலையை விட்டுப் போனது 2025 ஜனவரி 10 வாக்கில் என்றால், 2027 ஜனவரி முதல் வாரத்துக்கு மேல் அங்கே கதவு மூடிவிடும். மாஸ்டர் சொல்வது பிப்ரவரி 4! நட்சத்திரம் நகர்வதற்குள் உங்கள் வழி போய்விடும்.

கொட்டேஷன், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த நாடா கட்டிய வயரின் போட்டோ, இரண்டாவது ஆளின் 6,800 விலைப்பட்டியல், எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்க. நாடாவை அவிழ்க்காமல் போட்டோ எடுங்க. அப்புறம் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த வயரைச் சரி பண்ணுங்க, அண்ணே, பயமாக இருக்கிறது. சப்ளையர் பில் தனி விஷயம், இரண்டையும் கலக்க வேண்டாம்.

எங்கள் ஆபீஸில் ஃபெங் சுயி என்றாலே ஹாங்காங் நீனா வாங் வழக்கைத்தான் பேசுவார்கள். கணவரின் உயில் தொடர்பாக மாமனாரோடு வருஷக்கணக்கில் வழக்காடி 2005-இல் ஜெயித்த பெரும் பணக்காரி. 2007-இல் இறந்ததும் அவருடைய ஃபெங் சுயி மாஸ்டர் டோனி சான், சொத்து முழுக்கத் தனக்கே என்று ஓர் உயிலை நீட்டினார். 2010-இல் உயர் நீதிமன்றம் அது போலி என்றது. 2013-இல் அவருக்கு 12 வருஷம் சிறை. எல்லா மாஸ்டரும் அப்படி என்று சொல்லவில்லை. 388-ஓடு நிறுத்திக்கொள்ளுங்க என்றுதான் சொல்கிறேன்.

ஈசூன் அக்கா:

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எதிர் வீட்டுக்காரர் என் வாசலைப் பார்த்து எட்டு மூலைக் கண்ணாடி ஒன்றை மாட்டினார். என் வீட்டுக் கெட்டதைத் தன் பக்கம் வராமல் திருப்பி அனுப்பவாம்! எனக்கு ஆத்திரம் வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த திருஷ்டி பொம்மையை, நாக்கைத் தொங்கவிட்டது, அதற்கு நேர் எதிரே மாட்டினேன். அவர் வீட்டுப் பேரப்பிள்ளை அதைப் பார்த்து ராத்திரியெல்லாம் அழுததாம். அவர் என் மேல் புகார், நான் அவர் மேல் புகார். கடைசியில் சமூக சமரச நிலையத்தில் எங்களை உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். அவர் கண்ணாடியை அண்ணாந்து வானத்தைப் பார்க்கிற மாதிரி சாய்த்தார், நான் பொம்மையை உள்ளே மாட்டினேன். இப்போது என் வீட்டுக்காரர்தான் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்.

தம்பி, அந்தச் செருப்பு ஸ்டாண்டை இன்றைக்கே உள்ளே எடு. அதற்கு நட்சத்திரம் எதுவும் வேண்டாம்.

தேக்கா தையல்காரர்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டாண்டு உள்ளே வந்துவிட்டது, மனைவிக்குத்தான் இடமில்லை என்று கோபம். எலக்ட்ரீஷியன் வந்து போனார், போட்டோ எடுத்த பிறகுதான். நேற்று ராத்திரி மகள் பக்கத்தில் உட்கார்ந்து இணையத்தில் மனுவை நிரப்பிக் கொடுத்தாள். கிளார்க் தம்பி, ரசீது ஒன்று குறைந்தது, பாபின் டப்பாவுக்கு அடியில் கிடைத்தது.

ஆன்ட்டி மனசு கோணாமல் இருக்க வாசலில் சிவப்பு மிதியடி ஒன்று போட்டேன், 12 வெள்ளி. வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மேலே மாவிலையையும் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஒரு கொத்து தனக்கும் வேண்டுமாம்.