‘ஒத்திசைவு’ போதாது: ‘அடியொற்றல்’ என்ற சொல்லுக்காக

ஐயா,

தாளத்தைத் தானே வாசிக்கும் மின்கருவியான டிரம் மெஷினை ஒலிநாடாக் கருவியுடன் சேர்த்து ஓட்டுவதற்கு (ஆங்கிலத்தில் ‘சிங்க்’) ‘ஒத்திசைவு’ என்பதே போதும் என்கிறீர்கள். கைபேசியும் கணினியும் முகவரிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொள்வதற்கு அந்தச் சொல் பொருந்தும். அங்கே இரு பக்கமும் விட்டுக்கொடுக்கும். இங்கே நாடா எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. மோட்டார் சற்றுத் தடுமாறும், நாடா கொஞ்சம் இழுபடும். அது தன் போக்கில்தான் ஓடும். அதன் பின்னால் ஓடவேண்டியது டிரம் மெஷின். (நாடாவையே இழுத்துப் பிடிக்கும் கருவிகள் பெரிய ஸ்டுடியோக்களில் இருந்தன. அது வேறு கதை.)

முதலில் செய்முறையைப் பார்ப்போம். 1985இல் சந்தையில் இருந்த ரோலண்ட் டிஆர்-707 போன்ற டிரம் மெஷின் பெட்டிகளில் ‘டேப் சிங்க்’ என்றொரு துளை உண்டு. அதிலிருந்து இரண்டு அதிர்வெண்களுக்கு இடையே தாவிக்கொண்டே இருக்கும் ஒரு கீச்சொலி வரும். பாட்டு முழுமைக்கும் அதை நாடாவின் ஒரு தடத்தில் பதிந்துவிடுவார்கள். பிறகு நாடாவை ஓட்டினால், பெட்டி அந்தத் தாவல்களை எண்ணி எண்ணித் தன் தாளத்தை நகர்த்தும். மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மிடி முறையில் ஒரு கால் சுரத்துக்கு, அதாவது ஓர் அடிக்கு, 24 துடிப்புகள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் நொடிக்கு 48.

எதற்கு இவ்வளவு பாடு? நான்கே தடங்கள் உள்ள வீட்டுக் கருவியில் தாளத்தைப் பதிந்தால் ஸ்டீரியோவுக்கு இரண்டு தடங்கள் போய்விடும். கீச்சொலிக்கு ஒன்று போதும். தாளத்தைக் கடைசிக் கலவையின்போது பெட்டியிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளலாம். கிட்டார் பதிந்து முடித்த பிறகும் தாள வாத்தியத்தின் ஒலியை மாற்றலாம்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். அந்தக் கீச்சொலிக்குத் ‘தாளச்சுவடு’. அதைப் பதியும் வேலைக்குச் ‘சுவடு பதித்தல்’. ஆங்கிலத்தில் நாடாவுக்குக் கோடு போடுவதாகச் சொல்வார்கள். ‘கோடிடல்’ என்று பெயர்த்தால் யாரும் அடிக்கோட்டைத்தான் நினைப்பார்கள். சுவட்டைப் பார்த்துப் பின்தொடர்வது ‘அடியொற்றல்’. தாளத்துக்கும் அடி உண்டு, காலுக்கும் அடி உண்டு. நமக்கு இப்படி வலியவந்து கிடைக்கும் சொற்கள் குறைவு.

‘சுவடு’ இன்னொரு வேலையும் செய்கிறது. சுவட்டில் எண் எழுதியிருக்காது. பாட்டின் நடுவிலிருந்து நாடாவை ஓட்டினால், எத்தனையாவது அடியில் நிற்கிறோம் என்பது பெட்டிக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்துக்கே போகவேண்டும். திரைப்படம், தொலைக்காட்சித் துறையில் வழங்கும் எஸ்எம்பிடிஇ குறியீடு அப்படியல்ல. அதில் ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் (ஃபிரேம்) 80 பிட்கள். மணி, நிமிடம், நொடி, சட்ட எண் எல்லாம் அதிலேயே இருக்கும். அது மைல்கல். அதற்கு ‘நேரக்குறி’ என்று தனிப் பெயர் வைக்கலாம். இரண்டையும் ‘ஒத்திசைவுக் குறி’ என்று ஒரே சாக்கில் கட்டினால், படிப்பவர் எந்தக் கருவியை வாங்குவது என்று திண்டாடுவார்.

உங்கள் சொல்லுக்கு எதிராக இன்னொரு சான்று. நாடாவின் வேகத்தைச் சற்றுக் கூட்டிப்பாருங்கள். பதிந்த கிட்டாரின் சுருதி ஏறும். டிரம் மெஷின் வேகத்தில் உடன் வரும், ஆனால் அதன் ஒலியின் சுருதி இருந்த இடத்திலேயே இருக்கும். இதை ‘ஒத்து இசைத்தல்’ என்று சொல்ல என் காது ஒப்பவில்லை.

சுவடு அழியவும் செய்யும். இரைச்சல் நீக்கியை அணைக்க மறந்து ஒருமுறை பதிந்துவிட்டேன். மூன்றாம் நிமிடத்தில் தாளம் நொண்டியது. அதிலிருந்து ஓரத் தடத்தில்தான் பதிகிறேன், அளவோடு. மிகையானால் பக்கத்துத் தடத்தில் கசியும், குறைந்தால் பெட்டி எண்ணிக்கையைத் தவறவிடும். ‘சுவடு கசிந்தது’, ‘சுவடு அறுந்தது’ என்று தமிழிலேயே எழுதமுடிகிறது பாருங்கள். ‘ஒத்திசைவு கசிந்தது’ என்று எழுதுவீர்களா?

டிரம் மெஷினுக்கு நீங்கள் தந்த ‘மின்முரசு இயந்திரம்’ எனக்குக் கனமாகப்படுகிறது. சுருதிப்பெட்டி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ‘தாளப்பெட்டி’ அதன் பக்கத்தில் இயல்பாக உட்காரும்.

ஒன்றில் மட்டும் தயங்குகிறேன். வழிநடத்தும் கருவி, பின்தொடரும் கருவி என்ற இணைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய ஆண்டான்–அடிமைச் சொற்கள் வேண்டாம். ‘முன்னோடி’, ‘பின்னோடி’ என்று வைக்கலாமா? நாடா உண்மையிலேயே முன்னே ஓடுகிறது. ஆனால் ‘முன்னோடி’ என்றதும் சாதனையாளர் நினைவு வருகிறதே என்று நீங்கள் சொன்னால், என்னிடம் மறுமொழி இல்லை.