எடுக்காத பி.பி.யைக் குறிப்பேட்டில் எழுதுவது: ஆள் பற்றாக்குறை இதற்கு நியாயமாகுமா?

கேள்வி: வார்டு செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். நான் நான்கு ஆண்டுகளாக ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தச் செவிலியராகப் பணிபுரிகிறேன். வளரும் நாடுகளின் மருத்துவமனைகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறைகள் எல்லாம் எங்களிடமும் உண்டு. அவற்றை அடுக்க நான் வரவில்லை; ஒரே ஒரு செயலைப் பற்றிக் கேட்க வேண்டும்.

எங்கள் பெண்கள் வார்டில் இரவுப் பணிக்கு இருவர் மட்டுமே இருப்போம். சென்ற வாரம் ஓர் இரவில் 46 நோயாளிகள் இருந்தார்கள்; அவர்களில் 9 பேர் அன்று பிரசவித்தவர்கள். எல்லாருடைய கேஸ் ஷீட்டிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.பி.யும் நாடித்துடிப்பும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பத்து மணிச் சுற்றை முடித்தோம். அதன் பிறகு ட்ரிப் மாற்றுவதும், ஊசி போடுவதும், புதிதாக வந்த மூவருக்குப் படுக்கை ஒழித்துக் கொடுப்பதுமாகவே இரவு கழிந்தது. விடிகாலை ஐந்தரை மணிக்கு என்னுடன் இருந்த மூத்த செவிலியர் கேஸ் ஷீட்டுகளை மேசைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கான கட்டங்களை வரிசையாக நிரப்பத் தொடங்கினார். 120/80, 118/78, 120/80. நாடித்துடிப்பு 78, 80, 78. ஒரே நீல மை, ஒரே சாய்வெழுத்து.

அவர் பொறுப்பற்றவர் அல்லர். அதே இரவில் ஒரு மூதாட்டியின் படுக்கை விரிப்பை மூன்று முறை, முகம் சுளிக்காமல் மாற்றியவர் அவர்தான். "கட்டம் காலியாக இருந்தால் காலையில் மெமோ வரும், நிரம்பியிருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்லி, பாதி அடுக்கை என் பக்கம் தள்ளினார். நானும் எழுதினேன்.

சர்வதேச செவிலியர் பேரவை 1953-ல் முதன்முதலாக அறநெறித் தொகுப்பை ஏற்றுக்கொண்டது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தப் படிப்பு ஐந்தரை மணிக்கு உதவிக்கு வரவில்லை. நான் செய்தது பொய்ப் பதிவா, வேறு வழியில்லாத நிலையா? அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்

சகோதரி, இது பொய்ப் பதிவுதான். நானும் பல ஆண்டுகள் அதைச் செய்தவள் என்பதால், உங்களைக் குற்றம் சாட்டும் தகுதி எனக்கு இல்லை. என் அனுபவத்தைச் சொல்லும் கடமை மட்டும் உண்டு.

நான் இளநிலைச் செவிலியராக இருந்தபோது, இரவில் பிரசவித்த ஒரு பெண்ணின் தாளில் நாங்கள் இதேபோல் இயல்பான எண்களை எழுதி வைத்திருந்தோம். ஆறு மணிக்கு அவருடைய தாய் வந்து, "பெண் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை" என்றார். ஓடிப்போய்ப் போர்வையை விலக்கினோம். மெத்தை முதுகுவரை நனைந்திருந்தது. அழைத்தவுடன் வந்த மருத்துவர் முதலில் தாளைத்தான் பார்த்தார். நான்கு மணிக்கு 120/80 என்று இருந்ததால், ரத்தப்போக்கு சற்று முன்புதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற அளவில் ரத்தம் கேட்டு எழுதினார். உண்மையில் அது பல மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். எங்கள் எண்ணை நம்பி மருத்துவர் போட்ட கணக்கு தவறிப்போனதை மட்டும் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

காலிக் கட்டம் 'யாரும் பார்க்கவில்லை, இப்போதே பார்' என்று அடுத்தவரிடம் சொல்கிறது. பொய்யாக நிரப்பிய கட்டமோ 'பார்த்தாயிற்று, நீ போகலாம்' என்று சொல்கிறது. பார்க்க முடியாமற் போனதற்குப் பற்றாக்குறை காரணமாக இருக்கலாம். பார்த்ததாக எழுதுவதற்கு அது காரணமாகாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம் வார்டுகளின் பழைய நோய்.

அந்த இரவில் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். 46 பேரையும் சமமாகப் பார்க்க முயன்றால் ஒருவரையும் பார்க்க முடியாது. அன்று பிரசவித்த 9 பேர், அறுவை முடிந்தவர்கள், காய்ச்சல் ஏறியவர்கள் ஆகியோரை மட்டும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் முதல் 24 மணி நேரம் ரத்தப்போக்கு, கருப்பையின் சுருக்கம், நாடித்துடிப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பி.பி. கருவி கைக்குக் கிடைக்காவிட்டாலும் மணிக்கட்டில் விரல் வைக்க அரை நிமிடம் போதும். இளம் பெண்களுக்கு ரத்தம் இழக்கும்போது பி.பி. இறங்குவதற்கு முன்பே நாடி வேகமெடுத்துவிடும். மற்றவர்களின் கட்டத்தில் 'எடுக்கவில்லை. பணியில் 2 பேர், நோயாளிகள் 46' என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது யாரையெல்லாம் பார்க்கவில்லை என்பதைப் படுக்கை எண்ணோடு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மறுமொழி 2: மருத்துவர்

அம்மா அவர்களின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் இந்த அறிவுரையின் விலையை யார் கொடுப்பது என்பதையும் பேச வேண்டும். நிரந்தரப் பணியில் உள்ள கண்காணிப்பாளர் 'எடுக்கவில்லை' என்று எழுதுவதும், ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒரு செவிலியர் அதையே எழுதுவதும் ஒன்றல்ல. முதலாமவருக்கு வருவது விளக்கம் கேட்கும் கடிதம். இரண்டாமவருக்கு வேலையே போகலாம். அறநெறியின் சுமை முழுவதையும் ஏணியின் கடைசிப் படியில் நிற்பவரின் தலையில் ஏற்றிவிட்டு, மேலே இருப்பவர்கள் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர் ஒரு விவரத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் உறுத்துகிறது. எல்லாருடைய தாளிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியவர் யார்? எங்களைப் போன்ற மருத்துவர்தான். ஒரு நோயாளிக்கு 3 நிமிடம் என்று வைத்தால் 46 பேருக்கு 138 நிமிடம். இருவர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 69 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் மிஞ்சுவது 51 நிமிடம். ஊசி, ட்ரிப், புதுச் சேர்க்கை, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது எல்லாவற்றையும் அதற்குள் முடித்தாக வேண்டும். நடக்கவே முடியாத ஓர் ஆணையை நடக்கும் என்பதுபோல் எழுதுவதும் ஒரு பொய்ப் பதிவுதான். அன்று இரவின் முதல் பொய் எங்கள் பேனாவிலிருந்து வந்தது. பின்னாளில் ஏதேனும் நடந்தால் 'நான் எழுதியிருந்தேன், அவர்கள் பார்க்கவில்லை' என்று காட்டுவதற்காகவே பல மருத்துவர்கள் அப்படி எழுதுகிறோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

உலக மருத்துவச் சங்கம் 1948-ல் வெளியிட்ட ஜெனீவா உறுதிமொழியில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது ஒரு வரி சேர்ந்தது: உயர்ந்த தரத்தில் சிகிச்சை தருவதற்காக மருத்துவர் தம் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் திறனையும் பேண வேண்டும் என்பது அதன் பொருள். பணிச்சூழலுக்கும் நேர்மைக்கும் உள்ள தொடர்பைத் தாமதமாகவேனும் ஒப்புக்கொண்டதாகவே அதை நான் படிக்கிறேன். எனவே என் யோசனை இது: மாலைச் சுற்றுக்கு வரும் மருத்துவரிடம், இவர்களில் யாருக்கு உண்மையிலேயே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தேவை என்று பெயர் பெயராகக் கேளுங்கள். மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று அவர் கையாலேயே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

மறுமொழி 3: பொதுச் சுகாதார ஆய்வாளர்

மருத்துவர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் எல்லாவற்றையும் பணிச்சூழல் என்ற ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. வங்கதேசம், ஈக்வடார், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய 6 நாடுகளில் முன்னறிவிப்பின்றி நேரில் சென்று பார்த்த ஓர் ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சராசரியாக 35 விழுக்காடு சுகாதாரப் பணியாளர்கள் அந்த நேரத்தில் பணியிடத்தில் இல்லை. விடுப்பு, அலுவல் பயணம் போன்ற முறையான காரணங்களும் இதில் அடங்கும் என்பதால், இதை அப்படியே ஒழுக்கக்கேட்டின் அளவாக எடுத்துக்கொள்வது தவறு. இருந்தாலும், சில இடங்களில் ஆள் பற்றாக்குறை என்று நாம் சொல்வதன் ஒரு பகுதி, பட்டியலில் இருந்தும் வராதவர்களால் ஏற்படுவது. இரவில் இருவராக நிற்பவர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

உண்மையான பதிவினால் எதுவும் மாறாது என்று நினைப்பவர்களுக்காக ஊசியின் கதையைச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய மதிப்பீடுகளின்படி, வளரும் நாடுகளில் போடப்பட்ட ஊசிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு, கிருமி நீக்கப்படாத மறுபயன்பாட்டு ஊசிகள். இப்படி மறுபடி பயன்படுத்துவதாக ஒப்புக்கொள்வது எந்த மருத்துவமனைக்கும் எளிதாக இருந்திருக்காது. எண்கள் வெளியே வந்த பிறகு அதை மறைக்க வழியில்லை. ஒருமுறை இயங்கியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகளைத் தடுப்பூசித் திட்டங்களில் பயன்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1999-லேயே கூட்டாக வலியுறுத்தியிருந்தன. 2010 வாக்கில் மறுபயன்பாடு சுமார் 5.5 விழுக்காடாகக் குறைந்தது. அதில் அறிவுரைக்கும் பங்கு இருக்கலாம். கருவிக்கும் நிதிக்கும் எண்ணிக்கைக்கும் இருந்த பங்கு அதைவிடப் பெரிது என்பது என் கருத்து.

நீங்கள் ஐந்தரை மணிக்கு நிரப்பிய கட்டங்கள், மாத இறுதியில் என்னைப் போன்றவர்களிடம் '98 விழுக்காடு பதிவு முழுமை' என்பதுபோன்ற ஓர் எண்ணாக வந்து சேரும். அதைப் பார்க்கும் அதிகாரி, இரவுக்கு இருவரே போதும் என்று முடிவு செய்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை. இருந்தாலும் இரண்டு யோசனைகளையும் செய்து பார்த்தேன். மாலைச் சுற்றில் பெயர் பெயராகக் கேட்டபோது மருத்துவர் முதலில் எரிச்சலடைந்தார். பிறகு நின்று யோசித்து, 44 பேரில் 14 பேருக்கு மட்டும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்த 14 பேரையும் பார்க்க எங்களால் முடிந்தது, அதிகாலை இரண்டு மணிக்கான சுற்றைத் தவிர. அப்போது வலிப்பு வந்த ஒருவரைக் கவனித்துக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டங்களில் 'எடுக்கவில்லை' என்று காரணத்தோடு எழுதினேன். மூத்த செவிலியர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம் பங்குத் தாள்களில் அவர் எதுவும் எழுதவில்லை, நிரப்பவும் இல்லை.

நேற்று எனக்கு மெமோ வந்திருக்கிறது. மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். என்ன எழுதுவது?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்

மன்னிப்பும் கேட்க வேண்டாம், வாதமும் வேண்டாம். தேதி, பணியில் இருந்தவர்களின் எண்ணிக்கை, நோயாளிகளின் எண்ணிக்கை, வலிப்பு வந்தவரின் படுக்கை எண், அவரைக் கவனித்த நேரம் ஆகியவற்றை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். மருத்துவர் மாற்றி எழுதிய ஆணையையும் குறிப்பிட்டு, முடிந்தால் அவரிடமே ஒரு வரி எழுதி வாங்கி இணையுங்கள். இங்கே பேசிய மருத்துவர் ஐயா சொன்னதுபோல் ஒப்பந்தப் பணியில் இருப்பவருக்கு ஆபத்து அதிகம் என்பதால், நீங்கள் தனியாகக் கையொப்பமிடும் கடிதமாக அது போகக் கூடாது. மூத்த செவிலியரிடமும் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.