பழைய ஆர்கேட் கேபினெட் வாங்குவதா, எமுலேட்டரே போதுமா?

கேள்வி

வணக்கம். வீட்டில் ஒரே ஒரு ஆர்கேட் கேபினெட் (காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரம்) வைக்கத்தான் இடமிருக்கிறது. ஆஸ்டராய்ட்ஸ், பேக்-மேன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆகிய மூன்றையும் விளையாட விரும்புகிறேன். இவற்றுள் ஒன்றின் அசல் கேபினெட்டைத் தேடி வாங்குவதா, பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் இயக்கும் மேம் (MAME) எமுலேட்டரை நிறுவி மூன்றையும் ஆடுவதா? மின்னணுப் பழுதுபார்ப்பில் எனக்கு அனுபவம் இல்லை.

மறுமொழி 1

நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் அசலுக்கு உண்மையிலேயே ஈடில்லாதது ஆஸ்டராய்ட்ஸ் மட்டும்தான் என்பது என் கருத்து. 1979இல் வெளிவந்த அந்த இயந்திரத்தின் வெக்டார் திரையில் புள்ளிகளால் ஆன படமே கிடையாது. எலக்ட்ரான் கற்றை நேரடியாகக் கோடுகளை வரைவதால், சுடும் குண்டுகள் இருட்டில் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு ஒளிரும். சாதாரண எல்சிடி திரையில் அந்த ஒளிர்வு வராது. மேலும் அதில் ஜாய்ஸ்டிக் இல்லை, ஐந்து பொத்தான்கள் மட்டுமே. பேக்-மேனுக்கு நான்கு திசை ஜாய்ஸ்டிக் வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கான எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடினால், திருப்பங்களில் கை சற்றுக் கோணலாகப் போனாலும் திரும்ப வேண்டிய இடம் தவறிவிடும். எமுலேட்டரைக் குறை சொல்பவர்களில் பலர், உண்மையில் பொருந்தாத ஜாய்ஸ்டிக்கைத்தான் குறை சொல்கிறார்கள்.

மறுமொழி 2

பழுதுபார்ப்பு தெரியாது என்று எழுதியிருப்பதால் ஓர் எச்சரிக்கை: படக்குழாய்த் திரையில், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும். பழைய கெபாசிட்டர்கள் உலர்ந்து படம் நெளியத் தொடங்கினால், நீங்களாகவே பின்கதவைத் திறந்து கைவைக்காதீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரைத் தயாரித்த கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகளில் (விளையாட்டை இயக்கும் மின்சுற்றுப் பலகைகள்) இன்னொரு சிக்கல் உண்டு. விளையாட்டின் நிரலைத் திறக்கும் மறைகுறியாக்கச் சாவியைக் காத்துவரும் பேட்டரி தீர்ந்தால் விளையாட்டே இயங்காது. சாவியைத் திரும்ப எழுதி மீட்கும் வழி இப்போது இருக்கிறது என்றாலும், அது தொடக்கநிலையினருக்கான வேலையன்று. நீங்கள் கேட்ட 1991ஆம் ஆண்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அதற்கு முந்தைய சிபிஎஸ்-1 போர்டில் வந்ததால், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

மறுமொழி 3

ஜாய்ஸ்டிக்கை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் முழுமையாக ஏற்கவில்லை. பேக்-மேன் நொடிக்கு ஏறத்தாழ 60.6 முறையும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஏறத்தாழ 59.6 முறையும் படத்தைப் புதுப்பிப்பவை. சரியாக 60இல் நிற்கும் திரையில் அவ்வப்போது ஒரு சிறு தடுக்கலாவது தெரியும். மார்ட்டல் காம்பாட் போன்று 54.7 அளவில் ஓடுபவற்றில் அது அப்பட்டமாகத் தெரியும். புதுப்பிப்பு வேகம் மாறக்கூடிய திரையை வாங்கினால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

என் பரிந்துரை இரண்டுக்கும் இடைப்பட்டது. ஜாமா (வெவ்வேறு விளையாட்டு போர்டுகளை மாற்றிப் பொருத்த உதவும் பொதுத் தரம்) இணைப்பு கொண்ட, படக்குழாய் நல்ல நிலையில் உள்ள வெற்றுக் கேபினெட் ஒன்றைத் தேடுங்கள். உரிய மாற்றி இருந்தால் அதில் கணினியை இணைக்கலாம்; பின்னாளில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அசல் போர்டு கிடைத்தால், உதைக்கும் பொத்தான்களுக்கான கூடுதல் கம்பிகளோடு அதையும் பொருத்தலாம். திரையைச் சுழற்ற முடியுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள், ஏனெனில் பேக்-மேனின் படம் நெடுக்குவாட்டில் அமைந்தது. எதைச் செய்தாலும், இயங்கிக்கொண்டிருக்கும் அசல் இயந்திரத்தின் உட்பாகங்களை அகற்றிவிட்டுக் கணினியைப் பொருத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஆஸ்டராய்ட்ஸை இப்போதைக்கு எமுலேட்டரில் ஆடிக்கொண்டு, சுழலும் திரையுள்ள ஜாமா கேபினெட்டைத் தேடப்போகிறேன். நான்கு, எட்டு எனத் திசைகளை மாற்றிக்கொள்ளும் ஜாய்ஸ்டிக் பேக்-மேனுக்குப் போதுமா, தனியாக ஒன்று பொருத்த வேண்டுமா?

மறுமொழி 1

போதும். ஆனால் திசை மாற்றும் தட்டு, ஜாய்ஸ்டிக் பொருத்திய பலகைக்கு மேலிருந்தே திருப்பக்கூடியதாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பலகையைக் கழற்ற வேண்டியிருந்தால் மாற்றவே மாட்டீர்கள்.